சார்லி பிரவுனின் கிறிஸ்துமஸ்: யாரும் கைவைக்காமல் விட்ட 25 நிமிடங்கள்

1965ஆம் ஆண்டு டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நியூயார்க்கில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதிகாரிகள், செய்தித்தாள் படக்கதை நாயகன் சார்லி பிரவுனை வைத்து எடுத்த ஒரு கார்ட்டூன் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். 25 நிமிடப் படம். ஒளிபரப்புக்குச் சுமார் பத்து நாள்தான் இருந்தது. பார்த்து முடித்தவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது, ஜாஸ் இசை குழந்தைகள் படத்துக்கு ஒட்டவில்லை, குரல் கொடுத்த பிள்ளைகளுக்குப் பயிற்சியே இல்லை என்றார்கள். அட்டவணையில் போட்டாகிவிட்டது, அதனால் ஒருமுறை காட்டிவிடுவோம், அடுத்த படத்துக்கு ஆர்டர் கிடையாது என்று சொல்லித்தான் தயாரிப்பாளர் லீ மெண்டல்சனை அனுப்பிவைத்தார்கள். மெண்டல்சனுக்கும் இயக்குநர் பில் மெலெண்டஸுக்கும்கூட அதற்கு முன்பே அந்தப் பயம் வந்திருந்தது. சார்லி பிரவுனை நாமே கெடுத்துவிட்டோமோ என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். எட் லெவிட் என்ற ஓவியர் மட்டும், இது நூறு வருஷம் ஓடும் என்றாராம்.

டிசம்பர் 9, வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்கு, வழக்கமாக அந்த நேரத்தில் வரும் 'தி மன்ஸ்டர்ஸ்' தொடரை நிறுத்திவிட்டு 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' ஒளிபரப்பானது. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வீடுகளில் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன் இருந்த அமெரிக்கர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். தரவரிசையில் 'பொனான்ஸா' தொடருக்கு அடுத்த இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருதும் பீபாடி விருதும் வந்தன.

இந்த வெற்றியைப் பற்றி அமெரிக்காவில் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் இங்கே கேட்க விரும்புவது ஒரு கேள்விதான். காசு கொடுத்தவர், ஒளிபரப்பியவர், உருவாக்கியவர் எல்லோருக்கும் சந்தேகம் இருந்த ஒரு படம், எதுவும் மாறாமல் எப்படி வெளியே வந்தது? வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் சேர்ந்து ஆளுக்கொரு திருத்தம் சொல்லி, மெதுவாக இருப்பதை வேகமாக்கி, சோகமாக இருப்பதைச் சிரிக்கவைத்து, எல்லாப் படத்தையும் போல ஒரு படமாக்கிவிடுவார்கள். இங்கே அது நடக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தப் படத்தின் உண்மையான கதை என்று நினைக்கிறேன்.

விலைபோகாத படத்திலிருந்து வந்த கூட்டணி

'பீனட்ஸ்' என்ற படக்கதை 1950 அக்டோபர் 2 அன்று ஏழு செய்தித்தாள்களில் தொடங்கியது. வரைந்தவர் மினசோட்டா மாநிலத்துக்காரரான சார்லஸ் ஷுல்ஸ், ஒரு முடிதிருத்துபவரின் மகன். பெரியவர்களே தலைகாட்டாத உலகம் அது. நடுவில் சார்லி பிரவுன் என்ற பையன். பேஸ்பால் ஆடினால் தோற்பான், பட்டம் விட்டால் மரம் பிடித்துக்கொள்ளும், அவனுக்கு வாழ்த்து அட்டை அனுப்ப யாரும் இல்லை. அவனுடைய நாய் ஸ்னூப்பிக்கு இருக்கும் தன்னம்பிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட அவனுக்குக் கிடையாது. ஷுல்ஸ் உதவியாளர் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. யோசிப்பது, வரைவது, எழுத்துகளை எழுதுவது எல்லாம் அவரே. ஐம்பது ஆண்டுகள் அப்படித்தான் செய்தார். தன் வேலையில் இன்னொருவர் கை படுவதை ஏற்காத மனிதர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது காரணமாகிறது.

லீ மெண்டல்சன் சான் பிரான்சிஸ்கோ பகுதியைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர். 1963இல் வில்லி மேஸ் என்ற பெரிய பேஸ்பால் வீரரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். உலகின் சிறந்த ஆட்டக்காரரைப் படம் பிடித்தாயிற்று, இனி உலகின் மோசமான ஆட்டக்காரனைப் பிடிப்போம் என்று தோன்றியதில் ஷுல்ஸைத் தேடிப் போனார். ஷுல்ஸைப் பற்றி ஆவணப்படம் தயாரானது. ஆனால் எந்தத் தொலைக்காட்சியும் அதை வாங்கவில்லை.

அந்த விலைபோகாத படத்தில்தான் மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். ஒருவர் பில் மெலெண்டஸ். மெக்சிகோவின் எர்மோசியோ நகரத்தில் பிறந்தவர். டிஸ்னியில் தொடங்கி வார்னர் பிரதர்ஸ், யுபிஏ என்று அனிமேஷன் துறையின் முக்கியமான இடங்களில் எல்லாம் வேலை பார்த்தவர். ஃபோர்டு கார் விளம்பரங்களுக்காக பீனட்ஸ் பிள்ளைகளை ஏற்கெனவே அசையவைத்திருந்தார். மற்ற ஓவியர்கள் அந்தப் பாத்திரங்களை 'அழகுபடுத்த' நினைத்திருப்பார்கள். மெலெண்டஸ் ஷுல்ஸின் கோட்டை அப்படியே விட்டார். ஷுல்ஸ் அவரை நம்பியதற்கு அது போதுமாக இருந்தது.

இன்னொருவர் பியானோ கலைஞர் வின்ஸ் குவரால்டி. மெண்டல்சன் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தின் மேல் காரில் போகும்போது வானொலியில் குவரால்டியின் 'காஸ்ட் யுவர் ஃபேட் டு தி விண்ட்' ஒலித்தது. பெரியவர்களுக்கான இசைதான், ஆனால் அதில் ஒரு பிள்ளைத்தனமும் இருந்தது. ஜாஸ் பற்றி எழுதிவந்த ரால்ஃப் கிளீசன் என்ற பத்திரிகையாளர் மூலம் ஆளைப் பிடித்தார். சில வாரங்களில் குவரால்டி தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போதே கேளுங்கள், இல்லையென்றால் மறந்துவிடுவேன் என்று அவசரப்பட்டு ஒரு மெட்டை வாசித்துக் காட்டினார். அதுதான் 'லைனஸ் அண்ட் லூசி'. இன்றைக்கு அமெரிக்காவில் இரண்டு வினாடி வாசித்தாலே பீனட்ஸ் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆக, ஒளிபரப்பாகாத ஒரு படத்தில் நான்கு பேரும் ஒத்திகை பார்த்து முடித்திருந்தார்கள். இந்தக் கட்டத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என் பார்வையில் இது பெரிய விஷயம். பிறகு ஆறு மாதத்தில் வேலையை முடிக்க நேர்ந்தபோது, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்கு அவர்கள் ஒரு நாள்கூடச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு

1965 ஏப்ரலில் 'டைம்' இதழின் அட்டையில் பீனட்ஸ் பிள்ளைகள் வந்தார்கள். கொஞ்ச நாளில் மெக்கான் எரிக்சன் விளம்பர நிறுவனத்திலிருந்து ஜான் ஆலன் மெண்டல்சனைக் கூப்பிட்டார். கோகோ கோலா நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி தேடுகிறது, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? மெண்டல்சனிடம் ஒன்றுமே இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டார். உடனே ஷுல்ஸைக் கூப்பிட்டு, 'சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' ஒன்றை விற்றுவிட்டேன் என்றார். அது என்ன என்று ஷுல்ஸ் கேட்டார். நாளைக்கு நீங்கள் எழுதப்போவது என்று பதில்.

ஒரே நாளுக்குள் கதைச் சுருக்கம் தயாரானது. பள்ளி நாடகம், பனிக்காலக் காட்சிகள், பைபிள் வாசிப்பு, பழைய பாடல்களோடு கலந்த ஜாஸ். இவ்வளவுதான் அதில் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் மரம் வேண்டும் என்றார் மெண்டல்சன், டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் ஃபிர் மரக் கதையைத் தன் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டிய நினைவில். ஷுல்ஸ் அதைச் சார்லி பிரவுனுக்குப் பொருத்தமான மரமாக்கினார்: நான்கைந்து கிளை, தொட்டால் உதிரும் ஊசி இலைகள், ஒரு சின்னப் பலகையில் அறைந்து நிறுத்திய குச்சி.

கோகோ கோலா ஒப்புக்கொண்டது. ஆறு மாதம்தான் நேரம். கைக்கு வந்தது 76,000 டாலர், முடிந்தபோது ஆன செலவு 96,000 டாலர். அந்தக் காலத்தில் இந்த மாதிரி சிறப்பு நிகழ்ச்சிகளை ஒரே விளம்பரதாரர் முழுதாக எடுத்துக்கொள்வது வழக்கம். விளம்பரதாரருக்கு வேண்டியது பீனட்ஸ் என்ற பெயர், அதாவது ஷுல்ஸ். அதனால் கடைசிச் சொல் தானாகவே ஷுல்ஸிடம் வந்து நின்றது. சிபிஎஸ் படத்தை முழுதாகப் பார்த்தபோது திருத்துவதற்கு நாள் இல்லை. கையால் வரைந்து, செல்லுலாய்டில் நகலெடுத்து, வண்ணம் பூசி, ஃபிரேம் ஃபிரேமாகப் படம் பிடிக்கும் வேலையில் பத்து நாளில் ஒரு காட்சியைக்கூட மாற்ற முடியாது. மேலே கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

மீதிப் பாதி, ஷுல்ஸ் எந்த இடங்களில் பிடிவாதம் பிடித்தார் என்பதில் இருக்கிறது.

சிரிப்பொலி வேண்டாம்

அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைகளில் பதிவுசெய்த சிரிப்பொலி இல்லாமல் வருவது அபூர்வம். கார்ட்டூன் தொடர்களில்கூடச் சேர்த்தார்கள். மெண்டல்சனும் அது இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்தில் பேச்சை எடுத்தார். ஷுல்ஸ் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். சரி, சிரிப்பொலி இல்லை என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இதைச் சுவையான சம்பவமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. படத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். பனிமூடிய சுவரில் சாய்ந்துகொண்டு சார்லி பிரவுன் தன் நண்பன் லைனஸிடம் சொல்கிறான்: எனக்கு ஏதோ கோளாறு இருக்கிறது, கிறிஸ்துமஸ் வருகிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்த இடத்தில் யாரோ முகம் தெரியாதவர்கள் சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பையனின் கவலை அங்கேயே கேலியாகியிருக்கும். பண்டிகை நாளில் எல்லோரும் சிரிக்கும்போது தனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையே என்று உள்ளுக்குள் தவிக்கிற குழந்தை எந்த ஊரிலும் உண்டு. அந்தக் குழந்தையை நேராகப் பார்த்துப் பேசும் நிகழ்ச்சி அன்றைக்கு வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

குரல்களும் இப்படித்தான். கார்ட்டூன் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் குரலை மாற்றிப் பேசுவது அப்போது வழக்கம். இவர்கள் உண்மையான பிள்ளைகளையே பேசவைத்தார்கள். சார்லி பிரவுனாகப் பேசிய பீட்டர் ராபின்ஸ், லைனஸாகப் பேசிய கிறிஸ்டோபர் ஷே, லூசியாகப் பேசிய டிரேசி ஸ்ட்ராட்ஃபோர்டு ஆகியோருக்கு நடிப்பு அனுபவம் இருந்தது. மற்றவர்களில் பலர் மெண்டல்சன் வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். சார்லி பிரவுனின் தங்கை சாலிக்குப் பேசிய கேத்தி ஸ்டைன்பெர்க் படிக்கக் கற்றுக்கொள்ளாத வயது. ஒவ்வொரு வரியையும் சின்னச் சின்னத் துண்டாகச் சொல்லிக்கொடுத்துத் திருப்பிச் சொல்லவைத்துப் பிறகு ஒட்டினார்கள். போதாததற்கு அவளுக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்துவிட்டால் உச்சரிப்பு மாறிவிடும் என்று அவசர அவசரமாகப் பதிவை முடித்தார்களாம். சாலியின் பேச்சில் சொற்களுக்கு நடுவே விழும் அந்த விசித்திரமான இடைவெளி அப்படி வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதும்போது, பொருள் அனுப்புவது சிரமமாக இருந்தால் பணமாகவே அனுப்பிவிடுங்கள், பத்து டாலரும் இருபது டாலருமாக என்று அவள் சொல்வதில் பேராசை துளியும் தெரியாது. தனக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கேட்கும் பிள்ளைக் குரல்தான் கேட்கும். தேர்ந்த நடிகையால் அதைச் செய்திருக்க முடியாது.

ஸ்னூப்பிக்கு மட்டும் மெலெண்டஸே குரல் கொடுத்தார். பொருளில்லாத ஒலிகளை எழுப்பி, அதை வேகமாக ஓடவிட்டார்கள்.

கோடு அசைந்த விதம்

ஷுல்ஸின் பாத்திரங்கள் அசைவதற்காகப் பிறந்தவை அல்ல. தலை மிகப் பெரிது, கைகால் மிகச் சிறிது. கையைத் தூக்கினால் உச்சந்தலையைத் தொட முடியாது. சார்லி பிரவுனின் உருண்டைத் தலையைப் பக்கவாட்டிலிருந்து முன்பக்கம் திருப்பினால் மூக்கும் ஒற்றை முடிச்சுருளும் எங்கே போகும் என்பதற்குச் சரியான விடை கிடையாது. மெலெண்டஸ் அதைத் தீர்க்க முயலவில்லை. பாத்திரங்களைச் செய்தித்தாளில் தெரியும் கோணங்களிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றினார். தட்டையான, எளிமையான வடிவங்களை வைத்தே படம் செய்ய யுபிஏவில் கற்றவர் அவர். டிஸ்னியின் வழுவழுப்பான அசைவைத் தேடியிருந்தால் பணமும் போயிருக்கும், ஷுல்ஸின் கோடும் போயிருக்கும்.

மேடையில் பிள்ளைகள் ஆடும் காட்சி இதற்கு நல்ல சாட்சி. நாடக ஒத்திகைக்கு வந்தவர்கள் ஒத்திகையை மறந்துவிட்டு ஷ்ரோடரின் பியானோவுக்கு ஆடுகிறார்கள். ஆளுக்கு ஓர் அசைவு, அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவன் கைகளை முன்னால் நீட்டித் தோளை ஏற்றி இறக்குகிறான். ஊதா உடை போட்ட இரட்டைச் சிறுமிகள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்கள். குறைந்த படங்களை வைத்து ஒப்பேற்றிய காட்சிதான். ஆனாலும் இன்றைக்கு அமெரிக்கர்கள் எழுந்து நின்று ஆடிக்காட்டும் அளவுக்கு மனதில் நிற்பது அதுதான். அவசரத்தின் தடங்கள் வேறு இடங்களிலும் தெரியும். அந்தச் சின்ன மரத்தின் கிளைகள் காட்சிக்குக் காட்சி கூடும், குறையும்.

இசைக்கும் அவசரம் ஒரு நன்மை செய்தது. பிள்ளைகள் பனியில் சறுக்கும் தொடக்கக் காட்சிக்குக் குவரால்டி மெதுவான, சற்றே வாட்டமான ஒரு மெட்டுப் போட்டிருந்தார். அதற்கு வரிகள் வேண்டும் என்று மெண்டல்சனுக்குத் தோன்றியது. பாடலாசிரியர் கிடைக்கவில்லை. ஓர் உறையின் பின்பக்கத்தில் கால் மணி நேரத்துக்குள் அவரே எழுதினார். பாடியவர்கள் சான் ரஃபேல் நகரத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுப் பிள்ளைகள். சுருதி சுத்தமாகப் பாடவைப்பதைவிட, பிள்ளைகள் பிள்ளைகளைப் போலவே ஒலிக்க வேண்டும் என்பதுதான் குவரால்டிக்கு முக்கியம். அந்த மெட்டைக் கேட்டால் சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சார்லி பிரவுனின் மனநிலையும் அதுவே.

பைபிள் வாசகம்

நாடக ஒத்திகை குழம்புகிறது. வாங்கிவந்த மரத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று சார்லி பிரவுன் கத்துகிறான். எனக்குத் தெரியும் என்று லைனஸ் மேடை நடுவுக்குப் போய், விளக்கு போடச் சொல்லிவிட்டு, லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தின் 8 முதல் 14 வரையுள்ள வசனங்களை ஒப்பிக்கிறான். வயல்வெளியில் மந்தை காத்த மேய்ப்பர்களிடம் தேவதூதன் வரும் பகுதி. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் துண்டைத் தலையில் கட்டிய சிறுவர்கள் நிற்கும் காட்சியும் இதே பகுதிதான்.

பின்னணி இசை கிடையாது. சுமார் ஒரு நிமிடம் ஒரு சிறுவனின் குரல் மட்டும். தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பைபிளைப் படிப்பது ஆபத்து என்று மெலெண்டஸ் வாதாடினார். மெண்டல்சனும் தயங்கினார். நாம் செய்யாவிட்டால் யார் செய்வார்கள் என்று ஷுல்ஸ் கேட்டதோடு விவாதம் முடிந்தது. ஷுல்ஸ் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். இந்த வசனங்கள் அவருக்கு அலங்காரம் கிடையாது.

லைனஸ் கையில் எப்போதும் ஒரு போர்வை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால்தான் அவனுக்குத் தைரியம். 'பயப்படாதிருங்கள்' என்று தேவதூதன் சொல்லும் இடம் வரும்போது அவன் கையிலிருந்து போர்வை நழுவிக் கீழே விழுகிறது. படம் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. பல பத்தாண்டுகள் பார்த்தவர்கள்கூடக் கவனிக்காமல் விட்ட இடம் அது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடப்பது. பேசி முடித்ததும் அவன் குனிந்து போர்வையை எடுத்துக்கொள்கிறான். பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று படம் பொய் சொல்லவில்லை.

சார்லி பிரவுனுக்கும் அதே நேர்மைதான் வாய்க்கிறது. வசனத்தைக் கேட்டு மனம் லேசாகி, மரத்தைத் தூக்கிக்கொண்டு நட்சத்திரங்களின் கீழே நடக்கிறான். ஸ்னூப்பியின் அலங்கரித்த கூண்டிலிருந்து ஒரு சிவப்பு உருண்டையை எடுத்து மரத்தில் மாட்டுகிறான். மரம் அப்படியே வளைந்து தரையைத் தொடுகிறது. கொன்றுவிட்டேன் என்று மனமுடைந்து போய்விடுகிறான். நற்செய்தியைக் கேட்ட மறு நிமிடமே மறுபடியும் தோல்வி. பாடம் சொல்ல வந்த படமாக இருந்தால் இந்தக் காட்சியை வைத்திருக்கவே மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற பிள்ளைகள் வருகிறார்கள். இந்த மரம் அவ்வளவு மோசமில்லை, கொஞ்சம் அன்பு இருந்தால் போதும் என்று லைனஸ் தன் போர்வையையே மரத்தின் அடியில் சுற்றிவைக்கிறான். சற்று முன் சிரித்த அதே பிள்ளைகள் சேர்ந்து அலங்கரிக்கிறார்கள். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. சார்லி பிரவுன் திரும்பி வந்ததும் எல்லோரும் பாடுகிறார்கள், படம் முடிகிறது.

பணத்தைப் பற்றி ஒரு படம், பணத்தோடு

லூசி ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை சொல்பவள். நாணயம் டப்பாவில் விழும் ஓசையில் மயங்குகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவள் கேட்பது நிலம், மனை. ஸ்னூப்பி அலங்காரப் போட்டிப் பரிசுக்காகக் கூண்டை விளக்குகளால் நிரப்புகிறது. கிறிஸ்துமஸ் வியாபாரமாகிவிட்டது என்று இவ்வளவு நேராகச் சொன்ன படத்துக்குப் பணம் போட்டது ஒரு குளிர்பான நிறுவனம். முதல் ஒளிபரப்பில் லைனஸ் சறுக்கிப் போய் மோதும் பலகையிலேயே கோகோ கோலா பெயர் இருந்தது, முடிவிலும் அந்நிறுவனத்தின் வாழ்த்து வந்தது. பின்னாளில் அவற்றை நீக்கிவிட்டார்கள். இந்த முரணைக் காட்டிப் படத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வியாபாரத்தைச் சாடும் படத்துக்கே பணம் கொடுத்த விளம்பரதாரர் உள்ளே வந்து எதையும் மாற்றவில்லை, அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

அலுமினிய மரங்களின் கதையும் அடிக்கடி வரும். 1950களின் கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேனிடோவாக் நகரத்தில் தயாரான பளபளக்கும் அலுமினிய மரங்கள் வீட்டுக்கு வீடு நுழைந்தன. மின்சாரம் பாயும் ஆபத்து இருந்ததால் அவற்றில் விளக்குச் சரம் சுற்றக் கூடாது. கீழே வண்ணச் சக்கரம் சுழலும் ஒரு விளக்கை வைத்து ஒளி அடிப்பார்கள். படத்தில் லூசி வாங்கிவரச் சொல்வது அந்த மாதிரி மரத்தைத்தான், முடிந்தால் இளஞ்சிவப்பில். இந்தப் படம் வந்த பிறகுதான் அலுமினிய மரம் விற்காமல் போனது என்பார்கள். சில ஆண்டுகளில் விற்பனை படுத்துவிட்டது உண்மை. ஆனால் ஒரு மோகம் பத்து வருடத்தில் தேய்வது எப்போதும் நடப்பது, முழுப் பழியையும் 25 நிமிடப் படத்தின் மேல் போட எனக்குத் தயக்கம். அந்த மரத்தைக் கேலிக்குரியதாகப் பார்க்கும் கண்ணை ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குக் கொடுத்தது படம் என்ற அளவில் ஏற்கலாம்.

மெலிந்து வாடிய மரத்தை 'சார்லி பிரவுன் மரம்' என்றுதான் அமெரிக்கர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒற்றைச் சிவப்பு உருண்டையோடு அதன் பிளாஸ்டிக் நகல்களும் கடைகளில் விற்கின்றன. 2015இல், ஐம்பதாம் ஆண்டில், படக் காட்சிகளை வைத்து அமெரிக்க அஞ்சல் துறை பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. குவரால்டியின் இசைத்தொகுப்பு 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்ந்தது. குவரால்டி அதையெல்லாம் பார்க்கவில்லை. 1976இல், 47 வயதில், ஒரு கச்சேரியின் இடைவேளையில் மாரடைப்பால் இறந்தார். ஷுல்ஸ் 2000 பிப்ரவரியிலும் மெலெண்டஸ் 2008இலும் போனார்கள். மெண்டல்சன் இறந்தது 2019ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று.

இன்றைய நிலை

சிபிஎஸ் 2000 வரை ஆண்டுதோறும் ஒளிபரப்பியது. பிறகு 2019 வரை ஏபிசி. விளம்பர நேரம் கூடக் கூடப் படத்தில் அங்கங்கே வெட்டு விழுந்தது, பிறகு வேறொரு குறும்படத்தைச் சேர்த்து ஒரு மணி நேரமாக்கி முழுப் படத்தைக் காப்பாற்றினார்கள். 2020இல் உரிமை ஆப்பிளின் ஓடிடிக்குப் போனது. இனி சாதாரணத் தொலைக்காட்சியில் வராது என்ற செய்தி கேட்டு எதிர்ப்பு கிளம்பியது. அதனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பியது. 2022இல் அதுவும் நின்றது. இப்போது டிசம்பரில் ஓரிரு நாள் மட்டும் சந்தா இல்லாமல் ஓடிடியில் திறந்துவிடுகிறார்கள்.

அது போதாது என்பது என் கருத்து. ஓடிடியில் தேடிப் போய்ப் பார்ப்பவருக்கு இந்தப் படம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 1965இல் ஒன்றரைக் கோடி வீடுகளில் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் தேடிப் போகவில்லை. சேனலைத் திருப்பியபோது அது அங்கே இருந்தது. பண்டிகை நாளில் ஏன் எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று யோசிக்கும் குழந்தை அப்படித் தற்செயலாகத்தான் சார்லி பிரவுனைச் சந்திக்க முடியும், தேடுவதற்கு அதற்குப் பெயர் தெரியாது. பிபிஎஸ்ஸோடு செய்த அந்த இரண்டு ஆண்டு ஏற்பாட்டை மறுபடியும் செய்வதில் உரிமையாளர்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது.